லைன்லதாங்க கோளாறு

வாங்க தம்பி, வாங்க. பதனமா ஏறுங்க, அந்த மேல் படி கொஞ்சம் ஒசரம், புதுசா வாரவங்க எல்லாரும் அதுலதான் தடுக்குவாங்க. கால்ல என்னுங்க? ஒரு பக்கமாச் சாஞ்சு சாஞ்சு ஏறுறீங்க. பழைய அடிங்களா? சரி சரி. பையை இப்படிக் குடுங்களே... வேண்டாங்களா, சரி.

சாரதா, லைன்காரத் தம்பி வந்துட்டாரு. காப்பி வையி.

இதானுங்க உங்க கம்பெனி இன்டர்நெட் பொட்டி. பச்சை லைட்டு நல்லாத்தான் எரியுது. லைட்டு எரிஞ்சா ஆச்சுங்களா? நான் இந்தத் தொழில்லயே தலை நரைச்சவன், லைட்டைக் காட்டி என்னைய ஏமாத்த முடியாது. எத்தனை கம்ப்ளைன்ட் குடுத்திருப்பேன்! போன்ல ஒரு புள்ளை, "சார், ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ங்குது. யாருகிட்டச் சொல்றது பாருங்க. ஒரு ரூம் நெறையச் சர்வர் வச்சு நடத்துனவன்கிட்ட.

உங்களைச் சொல்லலீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, அனுப்புற எடத்துக்குப் போறீங்க. ஆனா இன்னிக்கு எப்படியாச்சும் இதைச் சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் போகோணும். மூணு மணிக்கு எனக்கு ஆபீஸ்ல இருந்து வீடியோவுல கூப்பிடறாங்க. விசாரணை. என்னைய வேலையில வச்சுக்கறதா, அனுப்பிப்போடறதான்னு இன்னிக்குத்தான் முடிவு. அந்த நேரத்துல படம் நின்னு போச்சுன்னா என்ர பொழப்பே நின்னு போச்சுங்க.

நீங்க பாட்டுக்குப் பாருங்க. நான் சும்மா பேசிட்டு இருப்பேன், கண்டுக்காதீங்க. வீட்டுலயே உக்காந்து உக்காந்து, ஆளைக் கண்டாலே பேசோணும்னு இருக்குது.

நான் என்ன குத்தம் பண்ணினேன்னு கேட்டீங்கன்னா, ஒண்ணும் பண்ணலீங்க. ஒருத்தனை நம்புனேன். அதுதான்.

எட்வின்னு பேரு. போத்தனூர்க்காரன். நெட்வொர்க் பூராவும் அவன் பொறுப்பு, சர்வர் பூராவும் என் பொறுப்பு. பதினோரு வருஷம் எதிர் எதிர் மேசை. பதினோரு வருஷம் ஒண்ணாத்தான் மதியச் சோறு. அவன் டப்பாவுல இருந்து நான் எடுப்பேன், என்ர டப்பாவுல இருந்து அவன் எடுப்பான். என்ர சம்சாரம் சாரதாமணி அவனுக்குன்னே புளிக்கொழம்பைத் தனியா ஊத்தி அனுப்புவா. கூடப் பொறந்தவன்கூட இப்படி இருக்க மாட்டானுங்க. அவன்தான் பத்துப் பேரு முன்னால என்ர கழுத்தை அறுத்துப்போட்டான்.

என்ன ஆபீஸ்ங்களா? ஸ்கேன் பாக்கற ஆபீஸுங்க. சின்னச் சின்ன ஊர்ல ஆஸ்பத்திரி இருக்குமில்லைங்க, ஸ்கேன் மெஷின் இருக்கும், அதைப் படிச்சுச் சொல்ற டாக்டர் இருக்க மாட்டாங்க. படத்தை எங்களுக்கு அனுப்பிருவாங்க. இங்க கோயமுத்தூர்ல உக்காந்துட்டு எங்க டாக்டருங்க பாத்து, இது இன்னது, இதைக் குடு, அதைக் குடுக்காதேன்னு சொல்லிருவாங்க. ஒவ்வொரு படமும் நெம்பப் பெருசு. ஒரு தலை ஸ்கேன்னா நூத்துக்கணக்குல படம். அது எல்லாம் வந்து எறங்கற சர்வர் என்ர சர்வர்.

அந்தச் சர்வரை நான் புள்ளையாட்டம் வளத்தேனுங்க. வந்த புதுசுல மெஷின்ல மெமரி கம்மி. ஒரு படம் வந்தாலே மூச்சு வாங்கும். அப்ப நானே உக்காந்து ரோசனை பண்ணி, ஒரு செட்டிங் ஃபைல் எழுதுனேன். வெளியில இருந்து தகவல் வரும்போது ஒரே நேரத்துல எவ்வளவு வாங்கி வச்சுக்கலாம், அதுக்கு மேல வந்தா கொஞ்சம் நில்லுன்னு சொல்லோணும், எல்லாம் அளவாப் போட்டு வச்சேன். அதுக்கப்பறம் ஒரு நாள் மக்கர் பண்ணுனதில்லை. புது மெஷின் வந்துச்சு, அந்த ஃபைலையும் தூக்கிட்டுப் போயி அதுல போட்டேன். அடுத்த மெஷின், அதுலயும் போட்டேன். புதுசா வேலைக்குச் சேர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவேன், இதைத் தொட்டுப்போடாதீங்க, இந்த ஆபீஸ் ஓடறதே இதுலதான்னு.

ஏனுங்க, அந்த ஒயர் முனையைத் தொடைச்சுப் பாத்தீங்களா? தூசி இருந்தாலும் இப்படித்தான் ஆகும். இல்லீங்களா? சரி.

போன மாசம் எங்க மேடம் கூப்பிட்டாங்க. டாக்டர் வசந்தமாலான்னு, அவங்கதான் ஓனரு, அவங்கதான் பெரிய டாக்டரு. "சென்னியப்பன், சிஸ்டம் ரொம்பப் பழசாயிருச்சு, பாதுகாப்பு இல்லைன்னு வெளியாளுங்க எழுதிக் குடுத்திருக்காங்க. மாத்தியே ஆகணும்"னாங்க. நான் சொன்னேனுங்க, நல்லா ஓடற வண்டியை எதுக்கு மேடம் நோண்டறதுன்னு. கேக்கலை. சரின்னு ஒரு ஞாயித்துக்கெழமை காலையில போயி, கெர்னலை மாத்துனேன். கெர்னல் தெரியுமில்லைங்க? மெஷினுக்குள்ள அடியில இருந்து எல்லாத்தையும் நடத்தறது அதுதான். கெர்னலோட சேத்துச் சுத்தி இருக்கற சாமானம் எல்லாமும் புதுசா மாறும். மத்தியானத்துக்குள்ள முடிச்சு, என்ர ஃபைலும் எடத்துல இருக்குதான்னு பாத்துட்டு, வீட்டுக்கு வந்து கறிச்சோறு தின்னுட்டுத் தூங்குனேன்.

திங்கக்கெழமை புடிச்சுது சனி.

கோயமுத்தூருக்குள்ள இருந்து வார படம் எல்லாம் சரியா வருது. தூரத்துல இருந்து வாரது மட்டும் ஊருது. மலை மேல ஒரு ஆஸ்பத்திரி இருக்குதுங்க, அங்கிருந்து வார படம் வந்து முடியறதுக்குள்ள ஒரு தூக்கம் தூங்கி எந்திரிக்கலாம். டாக்டருங்க கத்தறாங்க. மேடம் கத்தறாங்க.

நான் பதறலீங்க. மொறையாத்தான் பாத்தேன். கேபிளை மாத்துனேன். நெட்வொர்க் கார்டை மாத்துனேன். ஆபீஸுக்குள்ள ஒரு மெஷின்ல இருந்து இன்னொண்ணுக்கு அனுப்பிப் பாத்தா பறக்குது. அப்பறம் பழைய கெர்னலும் உள்ளதானே கெடக்குது, அதைப் போட்டு மெஷினை எழுப்பிப் பாத்தேன். அப்பவும் தூரத்துல இருந்து வாரது மெதுவாத்தான் வந்துச்சு. அப்ப என்னங்க அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. பழைய கெர்னல்லயும் மெதுவு, புதுக் கெர்னல்லயும் மெதுவு. கெர்னல்ல குத்தமில்லை. கிட்டக்க வேகம், தூரத்துல மெதுவு. சர்வர்ல குத்தமில்லை. அப்ப எங்கதான் குத்தம்?

லைன்லதாங்க கோளாறு. வேற எங்க?

அட, உங்களைச் சொல்லலைன்னேனுங்களே. பொதுவாச் சொல்றேன்.

இதுல ஒரு விசயம் இருக்குதுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. எனக்கும் எட்வினுக்கும் ஒரு பேச்சு உண்டு. வாயால பேசி வச்சதில்லை, தன்னால வந்தது. மத்த ஆபீஸ்ல எல்லாம் பாத்திருப்பீங்க, சர்வர்க்காரன் நெட்வொர்க்குங்கறான், நெட்வொர்க்குக்காரன் சர்வருங்கறான், ரெண்டு பேரும் ஓனரு முன்னால முடியைப் புடிச்சுக்குவாங்க. எங்களுக்குள்ள அந்த வழக்கமே கெடையாது. எது கெட்டாலும் மேடம்கிட்ட ரெண்டு பேரும் ஒரே வார்த்தைதான் சொல்லுவோம். "மேடம், லைன்காரங்க பக்கம் பிரச்சனை, சொல்லியிருக்கோம், பாத்துட்டு இருக்காங்க." அவ்வளவுதான். அந்தச் சாக்குல ரெண்டு பேரும் சேந்து யாரு பக்கம் கோளாறோ அதைக் கமுக்கமாச் சரி பண்ணிருவோம். சாயந்திரம், "மேடம், லைன் வந்துருச்சுங்க." முடிஞ்சுது. அவனும் தப்பிச்சான், நானும் தப்பிச்சேன். லைன்காரனுக்கு என்ன நட்டம்? அவன் எப்பவும் திட்டு வாங்கறவன்தானே. ஒண்ணு கூட வாங்குனா என்ன ஆயிரப்போகுது.

பதினோரு வருஷம் இப்படித்தானுங்க ஓடுச்சு. நட்புன்னா அதுதான். ஒருத்தனை ஒருத்தன் விட்டுக் குடுக்கறதில்லை.

நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னால ஐப்பசி மழையில ஒரு கூத்து நடந்துபோச்சு. அதுல இருந்துதான் அவன் ஒரு மாதிரி ஆயிட்டான். அன்னிக்கு நான் பேக்கப்பை, ராத்திரியில ஓட வேண்டிய நகல் எடுக்கற வேலையை, பகல்ல ஓட உட்டுட்டேனுங்க, கை மறதி. எல்லாம் அடைச்சுக்கிச்சு. வழக்கம்போல லைன் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்துனேன். எட்வின் சொன்னான், "மழை கொட்டுது சென்னி, இப்பக் கூப்பிடாதே"ன்னு. மேடம் பக்கத்துல நிக்கறாங்க, கூப்பிடாம எப்படிங்க? அவங்களும் ஒரு ஆளை அனுப்பிச்சாங்க. அந்த ஆளு ஆவாரம்பாளையம் ரோட்டுல கம்பத்து மேல ஏறிப் பொட்டியைத் தொறந்து பாத்திருக்கான். அங்க ஒண்ணுமே இல்லையே, என்னத்தைப் பாப்பான்? மறுக்கா மறுக்காப் பாத்திருக்கான். வழுக்கி உழுந்துட்டான். கால் போச்சுன்னாங்க, தொடை எலும்புன்னாங்க. எனக்குச் சரியாத் தெரியலை.

எட்வின் ஆஸ்பத்திரிக்குப் போனான். என்னையும் கூப்பிட்டான். நாம எதுக்குப் போகோணும், போனா நம்ம தலையிலயே கட்டிருவாங்க, அவங்க கம்பெனி பாத்துக்கும்னு சொன்னேன். அவன் மட்டும் போனான். ஒருக்கா இல்லை, வாரா வாரம் போனான். போயிட்டு வந்து சோறு திங்க மாட்டான், டப்பாவை மூடி வச்சுட்டு உக்காந்திருப்பான். இதுக்கெல்லாம் இப்படி மனசு எளகுனா வேலை பாக்க முடியுமுங்களா?

என்னுங்க, கை நின்னு போச்சு? ஸ்க்ரூ இறுகிருச்சுங்களா? உள்ள வேற ஸ்க்ரூ டிரைவர் இருக்குது, எடுத்தாரட்டுமா? வேண்டாமா?

சாரதா, நீ எதுக்கு நாற்காலியைத் தூக்கிட்டு வார? அவரு கீழ உக்காந்து நல்லாத்தானே பாத்துட்டு இருக்காரு. கால் மடக்க முடியலையா? சரி, போடு. உக்காருங்க தம்பி. காப்பி ஆறுது பாருங்க. என்ன சாரதா, சைகை காட்டற? இதெல்லாம் எதுக்குங்கறா. நம்ம தம்பிதானே, சொன்னா என்ன. நீ போயி உள்ள வேலையைப் பாரு.

எங்க உட்டேன்? ஆங். திங்கக்கெழமை. நான் வழக்கம்போல மேடம்கிட்ட லைன்னு சொல்லிட்டேன். லைன் கம்பெனியில இருந்து வந்தாங்க, மீட்டர் வச்சுப் பாத்தாங்க, நல்லா இருக்குதுன்னாங்க. நல்லா இருந்தா ஏன்யா மெதுவா வருதுன்னு நான் எகிறுனேன். போயிட்டாங்க. மறுநாளும் கூப்பிட்டேன். மறுநாளும் அதேதான். நான் உட்டனா?

எட்வின் அவன் பாட்டுக்கு ஒயர்ல வாரது போறது பூராவும் புடிச்சு வச்சு, ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்துட்டு இருந்தான். அப்பறம் சோறு திங்கற நேரத்துல மெதுவாச் சொல்றான், "சென்னி, லைன்ல ஒண்ணுமில்லடா. மலையில இருந்து அவங்க அனுப்பத் தயாராத்தான் இருக்காங்க. நம்ம சர்வர்தான் கொஞ்சம் வாங்கிட்டு நில்லுங்குது, கொஞ்சம் வாங்கிட்டு நில்லுங்குது"ன்னு. எப்படின்னா, லாரியில இருந்து மண்ணு எறக்கறாங்க, நாம சின்னக் கூடையா நீட்டறோம். ஒரு கூடை கொட்டி, சரின்னு சொன்ன பொறகுதான் அடுத்த கூடை. லாரி பக்கத்துல நின்னா தெரியாது. தூரத்துல நின்னா ஒவ்வொரு கூடைக்கும் போயிட்டுப் போயிட்டு வரோணும். அதுதான் கிட்டக்க வேகம், தூரத்துல மெதுவுங்கறான்.

அந்தக் கூடை யாருதுங்க? என்ர ஃபைல்ல நான் எழுதி வச்ச அளவு. "அதை எடுத்துருவோம் சென்னி, நீயே எடு. யாருக்கும் தெரிய வேண்டாம். நானும் சொல்ல மாட்டேன்"னான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. பதினோரு வருஷமா ஓடுன ஃபைலு. இன்னிக்குத்தான் அது கெட்டுப்போச்சா? அப்ப இத்தனை வருஷம் எப்படி ஓடுச்சுன்னு கேட்டேன். அவன் டப்பாவுல இருந்து புளிக்கொழம்பைத் தொட்டுக்கிட்டு இருந்தான். எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. ஆகட்டும், பாக்கலாம்னேன். பாக்கலை. எதுக்குப் பாக்கோணும்? மறுநாளும் கேட்டான். அதுக்கு மறுநாளும் கேட்டான். "சென்னி, கும்பிட்டுக் கேக்கறேன்"னு கூடச் சொன்னான். கும்பிடறானாமா. நான் லைன் கம்பெனிக்கு இன்னொரு கம்ப்ளைன்ட் போட்டேன்.

அந்த வாரக் கடைசியில, மலையில ஒரு பால் வண்டி டிரைவரு. வண்டி ஓட்டிட்டு இருக்கும்போதே வாய் கோணி, கை உழுந்திருச்சாமா. தலையை ஸ்கேன் எடுத்து அனுப்பியிருக்காங்க. தலைக்குள்ள அடைப்பா, ரத்தக் கசிவான்னு எங்க டாக்டரு படத்தைப் பாத்துச் சொல்லோணும். அடைப்புன்னா ஒரு ஊசி இருக்குது, குறிச்ச நேரத்துக்குள்ள போடோணும். கசிவுன்னா அதைப் போடவே கூடாது. படம் வருது, வருது, வந்துட்டே இருக்குது. முழுசா வந்து சேர்றதுக்குள்ள நேரம் தாண்டிப்போச்சு.

உசிரு போகலீங்க. வலது கைதான். அது வராதுன்னுட்டாங்க.

அதுக்கு நான் என்ன பண்றது? மலையில ஆஸ்பத்திரி வச்சா நல்ல லைன் போட்டு வைக்கோணும்.

மேடம் எல்லாரையும் பெரிய ரூமுக்குக் கூப்பிட்டாங்க. டாக்டருங்க, மேனேஜரு, நாங்க. மேடம் உக்காரக்கூட இல்லை. "யாரு பக்கம் பிரச்சனை? லைன்னு மட்டும் இனி என்கிட்டச் சொல்லாதீங்க. நேராச் சொல்லுங்க"ன்னாங்க.

எட்வின் என்னையவே பாத்துட்டு இருந்தானுங்க. வெகு நேரம் பாத்துட்டு இருந்தான். எனக்குத் தெரியும், அவன் சொல்லுவான், லைன்னுதான் சொல்லுவான், பதினோரு வருஷம் சொன்னவன்தானேன்னு நான் தலையைக் குனிஞ்சு மேசையைப் பாத்துட்டு உக்காந்துட்டேன். நம்பிக்கைன்னா அதுதானுங்க. நிமிந்து பாக்கக்கூட இல்லை, அப்படி நம்புனேன்.

"லைன் நல்லா இருக்கு மேடம். முதல் நாள்ல இருந்தே நல்லா இருக்கு. கோளாறு நம்ம சர்வர்ல"ன்னான்.

அவனே எந்திரிச்சு, பெரிய திரையில போட்டுக் காட்டறான். இது சென்னியப்பனோட ஃபைலு. இது இருக்கும்போது மலையில இருந்து படம் வருது பாருங்க. ஊருது. இப்ப இதை எடுத்துடறேன். பாருங்கன்னான். வந்து உழுந்துருச்சுங்க. அப்படியே வந்து உழுந்துருச்சு. ஒரு டாக்டரு, "அட"ன்னாரு. அந்த அட இன்னும் என்ர காதுலயே இருக்குது.

அதோட உட்டானா? மேனேஜரு கேட்டாரு, நான் கேட்ட அதே கேள்வி. "அப்புறம் எப்படிப் பதினோரு வருஷம் ஓடுச்சு?"

எட்வின் மறுபடியும் என்னையப் பாத்தான். "அதை விடுங்க சார்"ன்னான். மேடம் உடலை. சொல்லுங்கன்னாங்க. அப்பத்தான் சொன்னான், மெதுவாத்தான் சொன்னான். பழைய சிஸ்டத்துல அந்த ஃபைலைப் படிச்ச பொறகு, சிஸ்டத்தோட சொந்த ஃபைல் ஒண்ணைக் கடைசியாப் படிக்குமாமா. அது என்ர அளவை எல்லாம் அழிச்சுட்டு அதோட அளவைப் போட்டுக்குமாமா. கெர்னலைச் சுத்தி மாறுன புதுச் சாமானத்துல கடைசியாப் படிக்கறது என்னுதை, அதனாலதான் பழைய கெர்னலைப் போட்டும் மெதுவாவே வந்துச்சாமா. "அதனால சார், அந்த ஃபைல் இத்தனை வருஷம் ஒரு நாள் கூட வேலை செய்யல. இப்பத்தான் முதல் தடவையா வேலை செய்யுது"ன்னான்.

யாரோ சிரிச்சாங்க தம்பி. யாருன்னு தெரியலை. நான் நிமிரலை.

பொண்டாட்டி தாலியைக் கேட்டிருந்தாக் கூடக் கழட்டிக் குடுத்திருப்பேன் அவனுக்கு. இதைத் தனியா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லைங்களா?

சொன்னான், சொன்னான், சோறு திங்கும்போது சொன்னான், அதை நான் இல்லைங்கலை. அது வேறைங்க. தனியாச் சொன்னதைத் தனியாவே வச்சிருக்கோணுமில்லைங்க. அங்க வந்து சொல்றதுக்கு எதுக்குத் தனியாச் சொல்லோணும்?

அன்னிக்கே என்னைய வீட்டுல இருக்கச் சொல்லிட்டாங்க. போனை எடுத்தா எட்வின் பேரா வருது. நான் எடுக்கறதில்லை. ஒரு நாள் கீழ வந்து நின்னான். சாரதாமணி போயிப் பேசிட்டு வந்தா. நான் ஜன்னலை மூடிக்கிட்டேன்.

நானும் சும்மா உக்காந்திருக்கலீங்க. அந்தக் கெர்னலு, அந்தச் சிஸ்டம், எல்லாத்தையும் அச்சு மாறாம இந்தா இந்த மெஷின்ல போட்டேன். என்ர ஃபைலையும் போட்டேன். ஃபைல்ல குத்தமில்லைன்னு இன்னிக்கு மேடத்துக்கு ஓட்டிக் காட்டலாம்னு. பாருங்க என்ர நேரத்தை, போட்ட அன்னிக்கே உங்க லைன் மெதுவாயிருச்சு. அன்னியில இருந்துதான் கம்ப்ளைன்ட் குடுத்துட்டு இருக்கறேன்.

அது என்னங்க, உங்க லேப்டாப்புங்களா? செருகிப் பாருங்க, பாருங்க. சிங்கப்பூர்ல இருந்து எறக்கிப் பாக்கறீங்களா? சரி. ...ஓ. வேகமாத்தான் வருது. அது ஒரு நேரம் அப்படி வருமுங்க. அதே ஒயரை என்ர மெஷின்ல மாட்டுங்க. ...பாத்தீங்களா? பாத்தீங்களா? நின்னுபோச்சு! இதைத்தானுங்க நான் சொல்லிச் சொல்லி மாளலை. மறுபடியும் உங்களுதுல மாட்டறீங்களா? எதுக்கு? வேகமா வருது, சரி, அதுக்கென்ன? லைன் அந்த நிமிசத்துக்குச் சரியாயிருக்கும்.

ஃபைலை எடுத்துட்டுப் பாக்கறதுங்களா? அதெல்லாம் முடியாதுங்க. அதை எடுத்துட்டா நான் மேடம்கிட்ட என்னத்தைக் காட்டறது?

தம்பி, கொஞ்சம் இருங்க. ஒயரைத் திருப்பி என்ர மெஷின்லயே மாட்டிட்டீங்களா, சரி, பையை மூடாதீங்க. ஒரே ஒரு உதவி. நீங்க வந்தது கூட சாமி அனுப்புன மாதிரி. மூணு மணிக்கு அவங்க கூப்பிடுவாங்க. நான் உங்களைக் காட்டறேன். நீங்க லைன் கம்பெனிச் சட்டையோடவே உக்காந்து, ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்த வாரம் பூரா லைன்ல கோளாறு இருந்துச்சு, இங்கயும் இருந்துச்சு, மலைப் பக்கமும் இருந்துச்சு, எங்க பக்கம்தான் தப்புன்னு. உங்களுக்கு என்ன நட்டம்? உங்க பேரு கூட அவங்க கேக்க மாட்டாங்க. லைன்காரரு சொன்னா எடுபடும். என்ர குடும்பம் பொழைக்கும். நான் உங்க கையைப் புடிச்சுக் கேக்கறேன் தம்பி.

என்னுங்க? சத்தமாச் சொல்லுங்க.

எட்வினா?

எட்வின் சார் நல்லா இருக்காரான்னா கேட்டீங்க?

அவனை உங்களுக்கு எப்படித் தெரியும்? ...எங்க? எந்த ஆஸ்பத்திரியில?

ஓகோ.

ஓகோ! அப்படிப் போகுதா கதை. அவன் ஆளா நீங்க. அதுதான் பையைத் தொறந்ததுல இருந்து லைன் நல்லா இருக்குது, லைன் நல்லா இருக்குதுன்னே முனகிட்டு இருந்தீங்க. அவன் இப்படி முன்னமே ஒவ்வொருத்தரையாப் போயிப் பாத்து, பழம் வாங்கிக் குடுத்து, கையில போட்டு வச்சிருக்கான். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போறேன் போறேன்னு போனது இதுக்குத்தானா? எனக்கு இன்னிக்குத்தான் வெளங்குது. எவ்வளவு நாளாத் திட்டம் போட்டிருக்கான் பாருங்க. இந்தத் துரோகத்துக்கு ரெண்டு வருஷமா!

சாரதா, கேட்டியா? இந்தாளும் அவன் ஆளு. நீ எதுக்கு அழுகற? அழுக வேண்டியவன் நான். அவருகிட்ட எதுக்குக் கும்பிடு போடற? மன்னிப்பா? நாம எதுக்குக் கேக்கோணும்? அவன் வந்து எங்கிட்டக் கேக்கட்டும்.

போங்க தம்பி, போங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். போயி உங்க எட்வின் சாருகிட்டச் சொல்லுங்க, சென்னியப்பன் நல்லா இருக்கான்னு. சாரதா, நீ எங்க போற? கையைப் புடிச்சு எறக்கி உடறதுக்கு அவரென்ன கொழந்தையா? இத்தனை கம்பம் ஏறுறவங்களுக்கு நம்மூட்டுப் படி எறங்கத் தெரியாதா? அந்த மேல் படியை நான் அப்பவே சொல்லிட்டேன். சாரதா! இங்க ஆபீஸ்ல இருந்து வீடியோ கால் வாரப்போகுது, யாராச்சும் பக்கத்துல இருங்கன்னா...

வந்துருச்சு. வந்துருச்சு. வணக்கம் மேடம். மேடம்? கேக்குதுங்களா? உங்க மொகம் அப்படியே நின்னு போச்சுங்க மேடம். பக்கத்துல யாரு, எட்வினா? வாய் அசையுது, சத்தம் வரலை. கேக்கலைங்க. ஒண்ணுமே கேக்கலைங்க மேடம். லைன்லதாங்க கோளாறு.